பந்தி விளையாட்டில் சண்டை வைத்த கதை

கரண்டியால் அடிபட்டு விழுகிறவன் கடைசியாக என்ன சத்தம் போடுவான் என்று யோசித்து எழுதுவது கொஞ்ச காலம் எனக்கு உத்தியோகமாக இருந்தது. நான் எம்.ஏ. தமிழ். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பல வருடம் இலக்கணம் நடத்தியவள். 'ஆ' என்பதற்கும் 'ஆஅ' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அளபெடை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வேறுபாட்டை வைத்து முதலாவது ஆள் சின்ன ரவுடி, இரண்டாவது ஆள் பெரிய ரவுடி என்று பிரிப்பேன் என்று அப்போது நினைத்ததில்லை.

பள்ளி வேலையை விட்ட பிறகு வீட்டில் இருந்தபடியே நகைக்கடை நோட்டீஸ், ஊறுகாய் பாட்டில், பல் ஆஸ்பத்திரி போர்டு என்று எதற்குக் கேட்டாலும் வாசகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பல் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் என்னைத் தேடிப்பிடித்தார். அவரை முதலாளி என்றே சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, செல்போனில் விளையாடும் கேம்கள் செய்ய ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கேமுக்கும் கதை வேண்டும், வசனம் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும் என்றார். கேம் என்றால் என் மகன் பரீட்சைக்கு முந்தின நாள் செய்யும் காரியம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அதுதான் வேண்டும் மேடம், எதையும் பார்த்து காப்பியடிக்காத ஆள் வேண்டும் என்றார். அந்த வார்த்தைக்கு மயங்கித்தான் சேர்ந்தேன்.

ஆபீஸ், ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டின் மாடி. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி ஆட்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், வயது ஆனாலும் சட்டை இஸ்திரி கலையாது. பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம் வரும்படி எல்லாரும் அவரை முசே என்று கூப்பிட்டோம். மாடியில் முதலாளி, நான், கம்ப்யூட்டர் நிரல் எழுதும் ஒரு பெண், ஆக மூன்று பேர். படம் வரைகிறவர் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுவார். நிரல் எழுதும் பெண் பிள்ளைச்சாவடிக்காரி. தினமும் ஸ்கூட்டரில் வருவாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், முதலாளி என்ன சொன்னாலும் "பண்லாம் சார்" என்பாள். 'பண்லாம்' என்று அவள் இழுத்துச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள முதலாளிக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதல் கூட்டத்தில் நம்ம ஊர் கதையாக ஏதாவது சொல்லுங்கள் என்றார் முதலாளி. அந்த வருடம்தான் என் தங்கை மகளின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நானே நடத்தி முடித்திருந்தேன். உலகத்திலேயே கஷ்டமான விளையாட்டு எது என்று கேட்டால் எனக்கு அப்போது ஒரே பதில்தான். பந்தி பரிமாறுவது.

சொல்லிக்கொண்டே போனேன். பெண்ணுக்குத் தாய்மாமன்தான் கதாநாயகன். மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம். ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இலை போட வேண்டும், உட்காரவைக்க வேண்டும், பரிமாற வேண்டும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டு அவர் எப்போது எழுவார் என்று தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களை எதிரெதிரே உட்காரவைத்துவிடக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாயசம் வேண்டாம் என்று அவர் மனைவி சொல்வார், அவர் கண்ணாலேயே ஊற்று என்பார். யாருடைய பேச்சைக் கேட்பது என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் சாம்பார் தீர்ந்துபோகும். கடைசி லெவலில் மாப்பிள்ளையின் சித்தப்பா வருவார். கூடத்து வாசலிலேயே நிற்பார், உட்கார மாட்டார். என்ன குறை என்றும் சொல்ல மாட்டார். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். அப்போதுதான் வருவார்.

முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையே பண்ணுவோம் என்றார். நிரல் எழுதும் பெண் "பண்லாம் சார்" என்றாள், இழுக்காமல்.

செய்யச் சில மாதங்கள் பிடித்தன. ஒவ்வொரு விருந்தாளியின் தலைக்கு மேலேயும் பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அது அவருடைய பொறுமை. தண்ணீர் வராவிட்டால் குறையும், பக்கத்து இலைக்கு முதலில் அப்பளம் போனால் குறையும். முழுதும் தீர்ந்தால் எழுந்துபோய் மண்டபத்து வாசலில் நின்று யாரிடமாவது குறை சொல்லுவார், அதைக் கேட்டு இன்னும் நாலு பேருக்குப் பொறுமை குறையும். அடங்கவைக்க நான் எழுதிய வசனங்கள் ஏராளம். "அண்ணே, உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்ற ஒரு வரிக்குப் பாதிப் பேர் அடங்குவார்கள். உண்மையிலும் அப்படித்தான்.

முதலில் ஆடிப் பார்த்தவர் முசே. மாடிக்கு வாடகை விஷயமாக வந்தவர் கையில் முதலாளி போனைக் கொடுத்துவிட்டார். முசே அதை வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும் வழக்கம் உள்ளவர் அன்றைக்குத் தூங்கவில்லை. ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஆள் என்ன இவ்வளவு பிகு பண்ணுகிறான், நான் இவன் காலில் விழ வேண்டுமா என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் படியேறி வந்து, போனை என்னிடம் நீட்டிச் சொன்னார்:

"மதாம், உக்காந்துட்டான்."

பட்டாளத்தில் வாங்கிய மெடலைக் காட்டும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

கேம் செய்தால் மட்டும் போதாது. அதைப் பத்துப் பேர் பார்க்கும்படி வெளியிட்டு விளம்பரம் செய்ய ஒரு பெரிய கம்பெனி வேண்டும். அதற்குப் பெங்களூரில் ஒரு பப்ளிஷரைப் பிடித்திருந்தார் முதலாளி. அவர்கள் சார்பில் வீடியோ காலில் ஒருவர் வந்தார். தமிழ்க்காரர்தான். நாங்கள் அனுப்பியதை ஆடிப் பார்த்திருந்தார், நிறையச் சிரித்தாராம். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"எல்லாம் சூப்பர். இதுல எதிரி யாரு?"

எதிரி இல்லை, விருந்தாளிகள்தான் என்றேன் நான். அப்படியானால் ஆடுகிறவர் யாரை ஜெயிக்கிறார் என்று கேட்டார். யாரையும் இல்லை, எல்லாரையும் வயிறு நிறையச் சாப்பிடவைத்து அனுப்புகிறார், அதுதான் ஜெயிப்பது என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பரிவோடு பார்த்தார். பிள்ளை பெயிலான செய்தியைத் தாயிடம் சொல்லவேண்டிய நேரத்தில் நான் பள்ளியில் வைத்துக்கொண்டிருந்த முகம் அது. அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"ரொம்ப ஃப்ரெஷ்ஷான ஐடியா மேடம். கொஞ்சம் காம்பேட் மட்டும் சேத்துட்டா போதும்."

உப்பு கொஞ்சம் பற்றவில்லை என்பது போலத்தான் சொன்னார். காம்பேட் என்றால் சண்டை என்று நிரல் எழுதும் பெண் என் காதில் சொன்னாள். சண்டை இல்லாத கேமை ஜனங்கள் இரண்டு நாளில் அழித்துவிடுவார்கள் என்று அவர் விளக்கினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சண்டை இல்லாத கேமை நாங்கள் வெளியிட்டதே இல்லை, அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்றார்.

வீடியோ கால் முடிந்ததும் முதலாளி எங்களைச் சமாதானப்படுத்தினார். கல்யாணத்தில் சண்டை இல்லாமல் இருக்குமா மேடம், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட இல்லையா என்றார். இருந்தது. வாசல் பேனரில் யார் போட்டோவைப் பெரிதாகப் போடுவது என்று எங்கள் வீட்டு மாமாவுக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் கைகலப்பு. இரண்டு பேருக்குமே அடிக்கத் தெரியாது. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், யாராவது விலக்கிவிட மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். விலக்கிவிட்டோம். ஒருவருக்குச் செருப்பு ஒன்று காணாமல் போனது, அவ்வளவுதான். மூன்று நாள் கல்யாணத்தில் சண்டை நடந்தது ஒரு காபி ஆறும் நேரம், மிச்ச நேரமெல்லாம் மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றேன். முதலாளி ஆர்வமாகத் தலையாட்டினார்.

"அதேதான் மேடம். அந்தக் காபி நேரத்த பெருசு பண்ணிருவோம்."

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. இதுதான் எனக்கு ஆச்சரியம். பந்தி பரிமாற மாதக்கணக்கில் ஆன கேம், போர்க்களமாக மாற ஒரு வாரம்கூட ஆகவில்லை. விருந்தாளிகளின் வேட்டி சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியும் அரிவாளும் கொடுத்து அனுப்பினார் படம் வரைகிறவர். தலைக்கு மேலே இருந்த பச்சைப் பட்டைக்குச் சிவப்பு அடித்தார்கள். பொறுமையாக இருந்தது உயிராகிவிட்டது. தாய்மாமன் கையில் இருந்த சாம்பார் கரண்டி ஆயுதம். வாழை இலை கேடயம். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் மாமா இலையை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார், விரலை எடுத்தால் இலை கீழே விழுந்துவிடும்.

இவ்வளவு வேகமாக எப்படி முடிந்தது என்று நிரல் எழுதும் பெண்ணைக் கேட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னாள்:

"கொல்றது ஈசிக்கா. அடி பட்டா ஒரு நம்பர் கொறையும், சைபர் ஆனா செத்துட்டான். ஒரே வரி. ஒருத்தன சமாதானப்படுத்தணும்னாதான் அவன் என்னா சாப்ட்டான், யார் பக்கத்துல உக்காந்தான், எதுக்குக் கோச்சிக்கிட்டான், எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கணும். அதுக்குத்தான் எனக்கு அத்தன மாசம் ஆச்சு."

உலகத்தில் இத்தனை கேம்களில் இத்தனை பேர் ஏன் சாகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. வேலை சீக்கிரம் முடிகிறது.

எனக்கும் வேலை இருந்தது. அரிவாளோடு வருகிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை ஏன் தாக்க வேண்டும் என்று காரணம் எழுதச் சொன்னார்கள். பாயசத்தின் பக்குவத்தைத் திருட வருகிறார்கள் என்று எழுதினேன். கேலியாகத்தான் எழுதினேன். வீடியோ காலில் வந்த பெங்களூர்க்காரர் அதைப் படித்துவிட்டு, உணர்ச்சிகரமாக இருக்கிறது என்று பதில் அனுப்பினார். மாப்பிள்ளையின் சித்தப்பா அந்த ரவுடிக் கூட்டத்தின் தலைவர் ஆனார். மண்டபத்துக் கூரையைத் தொடும் உயரம், வாயிலிருந்து நெருப்பு வரும். அவர் ஏன் கோபமாக இருக்கிறார் என்ற என்னுடைய பழைய பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் தாய்மாமன் எதிரியைச் சீண்டி ஒரு வார்த்தை பேச வேண்டும், அதற்கு ஒரு பட்டன் உண்டு என்றார்கள். 'வாங்கடா' என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் முதலாளி. மாப்பிள்ளை வீட்டுக்காரரை ஒரு தாய்மாமன் 'டா' போட்டுப் பேச மாட்டான் என்று பிடிவாதமாகச் சண்டை போட்டேன். நான் ஜெயித்த ஒரே சண்டை. பந்தி கேமுக்கு என் குரலில் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த 'வாங்க, வாங்க' என்பதையே அந்தப் பட்டனில் போட்டாள் நிரல் எழுதும் பெண். பின்னால் பயங்கரமான இசையைச் சேர்த்தபோது, அதுவும் மிரட்டல் மாதிரிதான் கேட்டது.

பிறகு சாவுச் சத்தங்கள். வெளியிலிருந்து குரல் கலைஞர்களை வரவழைக்க வசதி இல்லை. ஆபீஸின் பின்னறையில் சுவரெல்லாம் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, நாங்களே கத்தினோம். முதலாளி பெரிய ரவுடிகள். நான் மெலிந்தவர்கள். நிரல் எழுதும் பெண் தான் சாக மாட்டேன் என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் முதலாளி உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு முசே உள்ளே வந்தார். கையில் முதலுதவிப் பெட்டி இருந்தது. காலையிலிருந்து மேலே யாரோ செத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஒருவரையும் கீழே இறக்கவில்லையே என்று பார்க்க வந்தாராம்.

முதலாளிக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நிஜப் போரைப் பார்த்தவர் வீட்டிலேயே இருக்கிறாரே என்று, முசேவை உட்காரவைத்து, பட்டாளத்தில் நடந்த சண்டைகளைச் சொல்லச் சொன்னார். முசேவுக்குப் பேசக் கசக்குமா. ஆப்பிரிக்காவில் எங்கெங்கே முகாம் போட்டார்கள் என்று ஆரம்பித்தார். லாரியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். காத்திருந்ததைச் சொன்னார். சீட்டாட்டத்தில் கேப்டனையே தோற்கடித்ததை நடித்துக் காட்டினார். உருளைக்கிழங்கு உரிப்பதில் தன் வேகத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரனும் ஈடில்லை என்றார். முதலாளி இரண்டு மூன்று தடவை, சண்டை முசே, சண்டை என்று ஞாபகப்படுத்தினார். அதுக்குத்தான் காத்திருந்தோம், வரவில்லை என்றார் முசே, எங்கள் மேல் தப்பு இல்லை என்கிற மாதிரி.

சரி, அடிபட்ட ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா, எப்படிக் கத்தினார் என்று கேட்டார் முதலாளி. முசே முதலுதவிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார். பாலைவனத்தில் இவர்கள் போன லாரி ஒன்று கவிழ்ந்து, கூட இருந்தவர் ஒருவர் அடியில் மாட்டிக்கொண்டாராம்.

"கத்தல. மூக்குக் கண்ணாடி எங்கன்னு கேட்டான். தேடிக் குடுத்தேன். போட்டுக்கினான். அவ்ளோதான்."

பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அன்றைக்கு மேற்கொண்டு யாரும் கத்தவில்லை. ஒரு ரவுடி விழும்போது 'என் கண்ணாடி எங்க?' என்று கேட்பதாக எழுதி, நானே பேசிச் சேர்த்தேன். பெங்களூரிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். ஆடுகிறவர்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறதாம், அடுத்த ஆளை அடிக்கக் கை வருவதில்லையாம்.

கேம் வெளியானது. நாளிதழில் இரண்டு வரி வந்தது. என் கணவர் தன் ஆபீஸில் எல்லாருடைய போனிலும் ஏற்றிவிட்டு வந்தார். மேலதிகாரி கரண்டியால் யாரையோ அடித்துக்கொண்டே கோப்பில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். ஆனால் ஜனங்கள் பெங்களூர்க்காரர் சொன்னபடியே இரண்டு நாளில் அழித்தார்கள். சண்டை வைத்தும் அழித்தார்கள். இந்த மாதிரி கரண்டிச் சண்டைக்கு வேறு நல்ல கேம்கள் இருக்கின்றன என்று கருத்து எழுதினார்கள். சண்டை இன்னும் காரமாக இருந்திருக்க வேண்டும் என்றார் பெங்களூர்க்காரர்.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. எந்த ஊர்ப் பெண் என்று தெரியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு எடுத்திருந்தார். முகம் இல்லை, குரலும் போன் திரையும்தான். அவர் கேம் ஆடிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போனை மேடையில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். விரலை எடுத்ததும் கேடயம் கீழே விழுந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், அரிவாளோடு வந்த ரவுடி, விழுந்து கிடந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இங்க பாருங்க, அடிக்க வந்தவன் சோத்துக்கு உக்காந்துட்டு இருக்கான். இப்ப நான் இவன என்னா செய்யறது?"

அடிக்கும் பட்டனை அழுத்தியிருக்கிறார். கரண்டி இலைக்கு மேலே போனது. சாதம் விழுந்தது. ரவுடி சாப்பிட்டான், எழுந்தான், கையைக் கழுவினான், அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வழியே போய்விட்டான்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே போனைச் சுற்றி நின்று அதைப் பார்த்தோம். சட்டை மாற்றினார்களே தவிர, உள்ளே இருந்தவர்கள் பழைய விருந்தாளிகள்தான். இலையைக் கண்டால் உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு நிரலில் முன்னாலேயே எழுதிவைத்திருந்தது. நிரல் எழுதும் பெண்ணைப் பார்த்தேன். வேண்டுமென்றே விட்டுவைத்தாயா என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், அதையெல்லாம் எடுக்க நேரம் எங்கே கொடுத்தார்கள், சண்டை வைக்கச் சொன்னபோதே பண்லாம்னு இழுத்துத்தானே சொன்னேன் என்று.

அந்த வாரம் முழுக்க ஆட்கள் அதையே ஆடினார்கள். ஒருவரையும் அடிக்காமல் முடித்தேன் என்று வீடியோ வீடியோவாகப் போட்டார்கள். ரவுடிகளை வரிசையாக உட்காரவைத்து அழகு பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஆடினார்கள். ஒரு தாத்தா, அப்பளம் வைக்க வழியில்லையே என்று புகார் எழுதினார். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் யாருக்கும் மசியவில்லை. இலையைக் கீழே விட்டால் மிதித்துக்கொண்டு வந்தார். அவரிடம் போனவர்கள் எல்லாரும் எரிந்துதான் போனார்கள். வாரக் கடைசியில் அதே சமையலறைப் பெண் அடுத்த வீடியோ போட்டார். சித்தப்பாவைப் பார்த்ததும் அவருக்குத் தன் புகுந்த வீட்டில் ஒருவர் ஞாபகம் வந்ததாம். பெயர் சொல்லவில்லை. சீண்டும் பட்டனை அழுத்தினார். பயங்கரமான இசைக்கு நடுவில் 'வாங்க, வாங்க' என்றது என் குரல். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் அழுத்தினார். நெருப்புக்கு நேரே போய் மூன்றாம் முறை அழுத்தினார்.

கூரையளவு உயர்ந்த சித்தப்பா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மண்டபம் அதிர்ந்தது. அந்தப் பெண் சத்தமே போடவில்லை. "நீங்க கேட்டு வாங்கிச் சாப்பிடணும்" என்று மட்டும் திரைக்குச் சொல்லிவிட்டுப் பரிமாற ஆரம்பித்தார்.  அவர்கள் முழுதாக எடுத்துவிட்ட சித்தப்பா பக்கத்தில் நான் எழுதியிருந்த வசனம் அது. அந்தப் பக்கத்தை இந்தப் பெண் பார்த்திருக்க வழியே இல்லை.

கேமை ஏற்றிக்கொண்டவர்கள் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. பெங்களூர்க்காரர் வீடியோ காலில் வந்து எங்களைப் பாராட்டினார். முதலாளி எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிவந்தார், முசேவுக்கும் ஒன்று போனது. அடுத்த வாரம் அதே பெங்களூர்க்காரர் வேறு முகத்தோடு வந்தார். ஒரு சின்னச் சிக்கல். கேமுக்குள் விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளிக் கரண்டி, தங்கக் கரண்டி, நெருப்புக் கரண்டி எதையும் ஒருவரும் வாங்கவில்லை.

"யாரும் அடிக்கலன்னா ஆயுதம் யார் வாங்குவா மேடம்?"

பரிமாற நல்ல கரண்டி விற்கலாமே, இரட்டைப் பிடி வாளி விற்கலாமே, தலைவாழை இலை விற்கலாமே என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். குறித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உட்காரும் பிழையை உடனே சரிசெய்யச் சொன்னார். நிரல் எழுதும் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சரிசெய்துவிட்டாள். அதுவும் ஒரே வரிதான் என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அப்போதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போய்விட்டாள். போகிற வழியில் கீழ்வீட்டுக்குள் போய், முசே தன் போனில் வைத்திருந்த கேமுக்கு அப்டேட் தானாக ஏறாதபடி மாற்றிவைத்துவிட்டுப் போனாள் என்று பிறகு தெரிந்தது.

அப்டேட்டோடு போகும் அறிவிப்பை நான்தான் எழுத வேண்டும். 'எதிரிகள் உட்கார்ந்து சாப்பிடும் பிழை சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை.

அப்புறம் நடந்ததில் பெரிய விசேஷம் இல்லை. ஜனங்கள் திட்டினார்கள். எங்கே எங்கள் ரவுடிகள், ஏன் பட்டினி போட்டீர்கள் என்று எழுதினார்கள். சமையலறைப் பெண் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கேமை அழித்துவிட்டார்: வீட்டுக்கு வந்தவங்கள எழுப்பிவிட்ட மாதிரி இருக்கு. பெங்களூரில் கூடிப் பேசி, இந்தத் தோல்வியிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். கரண்டி வைத்ததுதான் தவறாம். ஆடுகிறவர்கள் குழம்பிவிட்டார்களாம். அடுத்த கேமில் பீரங்கி. கடற்கரைச் சாலையில் எதிரி டாங்கிகள் வரும், பழைய துறைமுகப் பாலத்தைக் காப்பாற்ற வேண்டும்.

அந்தச் சமயத்தில் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியிலிருந்து முதலாளியைப் பேசக் கூப்பிட்டார்கள். அந்த வீடியோக்கள் வழியாக அவர் பெயர் வெளியே தெரிந்திருந்தது. வன்முறை இல்லாத விளையாட்டை வடிவமைப்பது எப்படி என்பது தலைப்பு. உரையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். காலையில் டாங்கி வெடிக்கும்போது உள்ளே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று எழுதினேன், மத்தியானம் சமாதானத்தைப் பற்றி எழுதினேன். இரண்டுமே நன்றாக வந்தன.

முதலாளி நிஜமாகவே நன்றாகப் பேசினார். கொல்ல ஒரு வரி போதும், சமாதானப்படுத்த மாதக்கணக்கு ஆகும் என்ற இடத்தில் அரங்கமே கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிரல் எழுதும் பெண்ணும் கை தட்டினாள். தான் சொன்னது என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. சமையலறைப் பெண்ணின் வீடியோவைத் திரையில் போட்டபோது பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி மைக்கை வாங்கி, இதை ஆடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, எங்கே கிடைக்கும் சார் என்று கேட்டாள்.

முதலாளி எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"இப்ப கெடைக்காதும்மா" என்றார். "அடுத்த கேம் சீக்கிரம் வருது, அது இதவிட நல்லாருக்கும்."

அது எதைப் பற்றியது என்று அவள் கேட்டாள். முதலாளி தண்ணீர் குடித்தார். நம் ஊர்க் கடற்கரையைப் பற்றியது என்றார். பொய் இல்லை. அவளும் சந்தோஷமாக உட்கார்ந்தாள். கல்லூரி முதல்வர் பொன்னாடை போர்த்தினார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பழக்கூடை கொடுத்தார்கள். வெளியே வந்து ஸ்கூட்டரில் கூடையை எப்படி வைப்பது என்று நானும் நிரல் எழுதும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதலாளி வந்து, திங்கட்கிழமைக்குள் டாங்கி வசனம் முடிந்துவிடுமா மேடம் என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன். முடித்தும் கொடுத்தேன். அதற்கு அடுத்த மாதம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நிரல் எழுதும் பெண் எனக்கு முன்பே வேறு இடத்தில் சேர்ந்திருந்தாள், ஒரு மருத்துவமனைக்குக் காத்திருப்போர் டோக்கன் நிரல் செய்ய. அங்கே ஆட்கள் ரொம்பக் கோபப்படுகிறார்கள் அக்கா, நல்ல வேலை என்று போனில் சொன்னாள்.